புருவம் வச்ச பாம்பு: மோன்பெலியே பாம்பு பத்தி ஒரு அறிமுகம்

பாம்புக்கு புருவம் இருக்குமான்னு கேட்டா சிரிப்பீங்க. உடம்புல ஒரு முடி கூட இல்லாத ஜீவனுக்கு புருவம் எங்கேருந்து வரும். ஆனா தெற்கு பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் இருக்கற மோன்பெலியே பாம்போட மூஞ்சிய குளோசப் போட்டோவுல ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா அப்புறம் இந்தக் கேள்வி வராது. கண்ணுக்கு மேல இருக்கற செதில் வெளிய தள்ளிக்கிட்டு வீட்டு சன்ஷேட் மாதிரி நிக்கும், அதுக்குக் கீழ பெரிய உருண்டைக் கண்ணு, மொத்தமா பாத்தா மூணு மாச வாடகை பாக்கி கேக்க வந்த ஹவுஸ் ஓனர் மாதிரி ஒரு முறைப்பு. கோவம்லாம் ஒண்ணும் கிடையாது, அதோட மூஞ்சியே அப்படித்தான்.

பாம்பு பத்தி புதுசா படிக்க ஆரம்பிக்கறவங்களுக்கு நான் இந்தப் பாம்பத்தான் முதல்ல சொல்வேன். ஒரு பாம்பு பாக்க ஏன் இப்படி இருக்கு, எங்க இருக்கு, இந்த ரெண்டு கேள்வியும் தனித்தனி இல்லன்னு இத வச்சு ரொம்ப சுலபமா புரிஞ்சிக்கலாம்.

முதல்ல பேரு. மோன்பெலியேங்கறது தெற்கு பிரான்ஸ்ல மத்தியதரைக் கடலுக்குப் பக்கத்துல இருக்கற ஒரு பழைய ஊரு. ஸ்ட்ராஸ்பர்க் ஊர்க்காரரான ஜோஹான் ஹெர்மன்ங்கற இயற்கை ஆய்வாளர் எழுதி வச்சிருந்த குறிப்புகள் அவர் செத்ததுக்கு அப்புறம் 1804ல புத்தகமா வந்துச்சு, அதுலதான் இந்தப் பாம்புக்கு முதல்முதலா அறிவியல் பேர் கெடச்சது. இப்போ அதோட முழுப் பேரு மால்போலான் மான்ஸ்பெஸுலானஸ். வாய்ல நுழையலன்னா கவலைப்படாதீங்க, பின்னாடி வர்ற வார்த்தைக்கு 'மோன்பெலியே ஊரச் சேர்ந்தது'ன்னுதான் அர்த்தம், அவ்ளோதான்.

ஊர்க்காரங்க வச்ச பேருங்க இத விட சுவாரசியம். ஸ்பெயின்ல 'குலேப்ரா பஸ்தார்தா'ம்பாங்க, பஸ்தார்தான்னா முறை தவறிப் பொறந்ததுன்னு அர்த்தம், பாவம் அது என்ன பண்ணுச்சோ. இத்தாலியில பல்லியோட சம்பந்தப்படுத்தி ஒரு பேரு. போர்ச்சுகல்ல 'கோப்ரா ரட்டெய்ரா', அதாவது எலி பிடிக்கற பாம்பு. கோப்ராவான்னு பதறாதீங்க, போர்ச்சுகீஸ் மொழியில கோப்ரான்னா வெறும் பாம்புதான். நம்ம பக்கம் வந்த போர்ச்சுகீஸ்காரங்க நல்லபாம்பு படமெடுக்கறதப் பாத்துட்டு 'தொப்பி போட்ட பாம்பு'ன்னு அவங்க பாஷையில கூப்பிட்டாங்க, அதுல தொப்பி கழண்டு விழுந்து கோப்ரா மட்டும் இங்கிலீஷ்ல தங்கிடுச்சு. அதனால போர்ச்சுகல்ல எந்த சாதுவான தண்ணிப்பாம்பும் கோப்ராதான்.

சரி, ஆளு எப்படி இருப்பாருன்னு பாப்போம். ஐரோப்பாவுல இருக்கற பெரிய பாம்புகள்ல இது ஒண்ணு. ஆண் பாம்பு 2 மீட்டரத் தாண்டிப் போகும், நம்ம ஊரு பெரிய சாரைப்பாம்பு ஒண்ண மனசுல வச்சிக்கிட்டீங்கன்னா அளவு புரிஞ்சிடும் (சாரைக்கும் இதுக்கும் நெருங்கின சொந்தம்லாம் இல்ல, குடும்பமே வேற). பெண் பாம்பு கணிசமா சின்னது, ஒன்றரை மீட்டர் வந்தாலே பெரிய விஷயம். பாம்புகள்ல நிறைய இனத்துல பெண்தான் பெருசா இருக்கும், இங்க தலைகீழ். வசந்த காலத்துல ஆணுங்க ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும், அந்தப் போட்டியில பெரிய உடம்புக்குத்தான் மதிப்பு, அதான் காரணம்னு சொல்றாங்க.

வளந்த ஆணுக்கு உடம்புல டிசைனே கிட்டத்தட்ட இருக்காது. ஆலிவ் பச்சை, சாம்பல், சில சமயம் பழுப்பு, வயிறு மஞ்சள் சாயல்ல இருக்கும். கழுத்துக்குக் கொஞ்சம் பின்னாடி மட்டும் ஒரு கருத்த பட்டை, குதிரைக்கு சேணம் போட்ட மாதிரி. பெண்ணும் குட்டிகளும் வேற மாதிரி, பழுப்புல கருப்பும் வெள்ளையுமா புள்ளி புள்ளியா இருக்கும், காஞ்ச இலை மேல படுத்திருந்தா பக்கத்துல நின்னாலும் தெரியாது. ஆணையும் குட்டியையும் பக்கத்துல பக்கத்துல வச்சா ஒரே இனம்னு சத்தியம் பண்ணாதான் நம்புவீங்க.

செதில் வழவழப்பா இருக்கும், ஆனா வளந்த பாம்போட செதில உத்துப் பாத்தா ஒவ்வொண்ணோட நடுவுலயும் நீளவாக்குல லேசா ஒரு பள்ளம் ஓடும், புது கோணி ஊசியால மெதுவா கோடு போட்ட மாதிரி. தலையிலயும் அதே கதைதான், ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்கற செதில் ஒல்லியா குறுகி உள்ள குழிஞ்சிருக்கும். ரெண்டு பக்கமும் புருவம் தூக்கி நடுவுல பள்ளம் விழுந்தா என்ன ஆகும், அதான் அந்த முறைப்பு. இதோட கிழக்கத்தி சொந்தக்கார பாம்ப துருக்கியில 'குழித்தலைப் பாம்பு'ன்னே அர்த்தம் வர்ற பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க. ஊர்க்காரங்க கண்ணு எப்பவுமே ஷார்ப்புதான்.

அந்தக் கிழக்கத்தி சொந்தக்காரர் பத்தி ஒரு வரி சொல்லிடறேன், ஏன்னா பழைய புத்தகங்கள்ல ரெண்டையும் ஒண்ணாத்தான் எழுதியிருப்பாங்க, படிக்கும்போது குழப்பம் வரும். 2006ல டிஎன்ஏ ஆராய்ச்சி பண்ணி மேற்குல இருக்கறது தனி, கிழக்குல இருக்கறது தனின்னு பிரிச்சிட்டாங்க. மேற்கத்தியது போர்ச்சுகல், ஸ்பெயின், தெற்கு பிரான்ஸ், இத்தாலியோட வடமேற்கு ஓரம், கடல் தாண்டி மொராக்கோ, அல்ஜீரியா. கிழக்கத்தியது குரோஷியா, கிரீஸ், துருக்கின்னு போய் மத்திய கிழக்கு வரைக்கும். ரெண்டும் சேர்ந்து மத்தியதரைக் கடலச் சுத்தி ஒரு மாலை போட்ட மாதிரி உக்காந்திருக்கு.

இப்போ இடத்துக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். மத்தியதரைக் கடல்னு சொன்னா நிறைய பேருக்கு நீலக்கடல், வெள்ளை வீடு, ஹனிமூன் போட்டோதான் ஞாபகம் வரும். அந்த வெள்ளை வீட்டுக்குப் பின்னாடி இருக்கற குன்றப் பாருங்க. வெயில் காலத்துல மாசக்கணக்கா மழை கிடையாது, மழையெல்லாம் இலையுதிர் காலத்துலயும் குளிர் காலத்துலயும்தான், அதனால கோடையில பூமி வறண்டு வெடிச்சு கெடக்கும். சுண்ணாம்புக்கல் பாறை, அதுக்கு இடுக்குல முட்டி உயரத்துக்கு புதர், தைம், ரோஸ்மேரி, லாவெண்டர், முள்ளு மாதிரி இலை உள்ள குட்டை ஓக், எல்லாம் வாசனையா இருக்கும் ஆனா நடந்து போனா காலக் கிழிக்கும். பிரான்ஸ்ல இந்த நிலத்துக்கு கரீக்னு பேரு. இத விட கொஞ்சம் அடர்த்தியா ஆள் உயரத்துக்கு புதர் இருந்தா மாக்கி. ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன்காரங்கள எதுத்து ஒளிஞ்சு சண்டை போட்ட பிரெஞ்சு கொரில்லாக்களுக்கு மாக்கின்னு பேரு வந்தது இந்தப் புதர்க்காட்டுனாலதான், ஆள் ஒளிய அவ்ளோ வசதி. மனுஷனே ஒளியறான்னா பாம்புக்குக் கேக்கணுமா.

ஆனா அடர்ந்த காடு இதுக்குப் பிடிக்காது. இதுக்கு வெயில் வேணும், ஓட திறந்த இடம் வேணும், ஆபத்துன்னா ரெண்டு செகண்டுல பூந்துக்க ஒரு பொந்தும் வேணும். இந்த மூணும் சேர்ந்து எங்கெல்லாம் கெடைக்குதோ அங்கெல்லாம் இருக்கும்: ஆலிவ் தோப்பு, திராட்சைத் தோட்டம், பாழடைஞ்ச பண்ணை வீடு, முயல் வளை நெறஞ்ச மேட்டு நிலம், கடலோர மணல் மேடு, தெற்கு ஸ்பெயின் மலைகள்ல சுமார் 2,000 மீட்டர் உயரம் வரைக்கும் கூட. குளிர்காலத்துல பொந்துக்குள்ள சுருண்டு தூங்கிட்டு மார்ச் வாக்குல வெளிய வரும்.

குறிப்பா அந்தப் பக்கத்து கல் சுவர். சிமென்ட், சுண்ணாம்பு எதுவும் பூசாம கல்லு மேல கல்ல அப்படியே பொருத்தி அடுக்குற சுவர், மலைச்சரிவுல மண்ணு சரியாம இருக்க தலைமுறை தலைமுறையா கட்டிட்டு வர்றாங்க, 2018ல யுனெஸ்கோ இந்தக் கலைய மனிதகுல பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேத்துது. கட்டினவங்க விவசாயத்துக்குத்தான் கட்டினாங்க, ஆனா இடுக்கு இடுக்கா இருக்கற அந்தச் சுவர்ல பல்லி குடியேறும், எலி குடியேறும், பின்னாடியே பாம்பு வரும். காலையில கல்லு சூடேறும்போது மேல வந்து காயறது, மதியம் கொளுத்தும்போது உள்ள போறது. பாம்போட பார்வையில அது ஏசி வச்ச அப்பார்ட்மென்ட், கீழ் ஃப்ளோர்லயே ஹோட்டலும் இருக்கு.

இப்போ திரும்ப அந்த மூஞ்சிக்குப் போங்க. நிறைய பாம்பு மோப்பத்த நம்பி மெதுவா தேடும், இல்லன்னா ஒரே இடத்துல படுத்து இரை வர்ற வரைக்கும் காத்திருக்கும். இது பட்டப்பகல்ல, நல்ல வெயில்ல, கண்ணால தேடி துரத்திப் பிடிக்கற பாம்பு. அதுக்குத்தான் அவ்ளோ பெரிய கண்ணு. புருவமும் அப்படித்தான், கண்ணு கூசாம இருக்க நாம நெத்திமேல கை வச்சுப் பாக்கற மாதிரி வெயில மறைக்க உதவுதுன்னு சொல்றவங்க இருக்காங்க, முள்ளுப் புதருக்குள்ள பாயும்போது கண்ணுல கீறாம இருக்கவும் உதவலாம்னு எனக்குத் தோணும். இன்னொண்ணு, முட்டி உயரப் புதருக்குள்ள தரையோட தரையா போற பாம்புக்கு தூரத்துல என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்? உடம்போட முன்பகுதிய செங்குத்தா தூக்கி, பஸ் வருதான்னு எட்டிப் பாக்கற ஆள் மாதிரி சுத்தும் முத்தும் பாக்கும். அத முதல் தடவை பாக்கறவங்க நல்லபாம்பு படமெடுக்குதுன்னு பயந்துடுவாங்க, அது வேவு பாக்குது, அவ்ளோதான்.

சாப்பாடு விஷயத்துல பாகுபாடே கிடையாது. குட்டியா இருக்கும்போது பூச்சியும் சின்னப் பல்லியும். வளந்ததும் எலி, முயல் குட்டி, தரையில கூடு கட்டற பறவை, மத்த பாம்புங்க, விரியன் கூட, சில நேரம் சொந்த இனத்துலயே சின்னது. பெரிய பல்லியும் உண்டு, அங்க கண்ணுப்புள்ளிப் பல்லின்னு ஒண்ணு இருக்கு, பச்சை உடம்புல நீலப் பொட்டு வச்சு பாக்கவே அவ்ளோ அழகு, வாலோட சேத்து 60 சென்டிமீட்டருக்கு மேல போகும், கடிச்சா விடாது. அப்படிப்பட்ட முரட்டுப் பல்லியக் கூட அடக்கணும்னா வெறும் பல்லு பத்தாது.

இங்கதான் விஷம் வருது, ஆமா இதுக்கு விஷம் உண்டு. ஆனா நல்லபாம்பு, விரியன் மாதிரி முன்பல்லு கிடையாது. மேல்தாடையோட பின்பக்கம், கிட்டத்தட்ட கண்ணுக்கு நேர் கீழ, ரெண்டு பெரிய பல்லு இருக்கு, அதுல குழாய்க்குப் பதிலா ஒரு வாய்க்கால் மாதிரி பள்ளம், விஷம் அது வழியா வழிஞ்சு இறங்கும். இரைய வாய்க்குள்ள நல்லா கவ்வி மென்னு பிடிச்சாதான் அந்தப் பல்லு உள்ள இறங்கும். பின்பல் பாம்புன்னு இந்த வகைய சொல்வாங்க, நம்ம ஊரு பச்சைப்பாம்பும் பூனைப்பாம்பும் இதே அமைப்புதான். அதனால மனுஷனுக்கு பெரும்பாலும் முன்பல்லு கீறலோட போயிடும். கையில பிடிச்சு விளையாடி, அது விடாம கவ்விக்கிட்டே இருந்தாதான் வம்பு, வீக்கம், மரத்துப்போறது, அபூர்வமா கண் இமை தொங்கறது, முழுங்க கஷ்டப்படறது வரைக்கும் மருத்துவப் பதிவுகள்ல இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம்தான், ஆனா கடி வாங்கினதே பெரும்பாலும் பாம்பப் பிடிக்கப் போய்தான்.

தானா வந்து யாரையும் கடிக்காது. ஆள் சத்தம் கேட்டா ஓடும், நல்ல வேகம். வழி இல்லாம மடக்கிட்டா மட்டும் கழுத்த கொஞ்சம் அகட்டி, உடம்ப ஊதி, குக்கர் விசில் வர்றதுக்கு முன்னாடி ஆவி சீறுமே அந்த மாதிரி நீளமா ஒரு சீறல்.

அந்த ஊருக்குப் போறவங்க எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறதுன்னு கேட்டா ஒண்ணு ரெண்டு சொல்லலாம். அங்க உண்மையிலேயே ஜாக்கிரதையா இருக்க வேண்டியது விரியன் வகை, அது குட்டையா தடிமனா இருக்கும், தலையில பெரிய செதிலுக்குப் பதிலா பொடிப் பொடியா செதில், கண்மணி பூனைக்கு இருக்கற மாதிரி நிமிந்த கோடு. மோன்பெலியே பாம்பு நீளமா, கண்மணி வட்டமா. ஏணிப்பாம்புன்னு இன்னொண்ணு அதே தோட்டத்துலயே இருக்கும், குட்டியில முதுகு முழுக்க ஏணி போட்ட மாதிரி இருக்கும், வளந்தா ஏணியோட படிக்கட்டு மறைஞ்சு ரெண்டு நீளக் கோடு மட்டும் மிஞ்சும், புருவமும் கிடையாது. ஒரு விஷயம் மட்டும் தயவுசெஞ்சு கவனிங்க: 'கண்மணி வட்டமா இருந்தா ஆபத்தில்ல, கோடா இருந்தா விஷம்'னு இன்டர்நெட்ல சுத்துற ரூல் ஐரோப்பாவுலயே முழுசா சரி கிடையாது, நம்ம நாட்டுல அது ஆள காலி பண்ணிடும். நல்லபாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் கண்மணி வட்டம்தான். அதுவும் போக, பாம்போட கண்மணி தெரியற தூரத்துல நீங்க நிக்கறதே தப்பு.

மறக்காம சொல்ல வேண்டிய ஒரு பழக்கம் இருக்கு. இந்தப் பாம்பு தனக்குத்தானே எண்ணெய் தேய்ச்சுக்கும். சும்மா சொல்லல. மூக்குக்குப் பக்கத்துல ஒரு சுரப்பி இருக்கு, அதுலேருந்து கசியறத மூக்க வச்சு தன்னோட வயித்துப் பக்கம் முழுக்க, இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு வளைஞ்சு வளைஞ்சு வால் வரைக்கும் பூசிக்கும். பாம்பு உலகத்துல இதோட குடும்பத்துக்கே உரிய பழக்கம் இது. அந்தக் குடும்பம் பெரும்பாலும் ஆப்பிரிக்காவுலதான் இருக்கு, இந்தியாவுல இருக்கற மணல் பாம்புகளும் அதுல சேத்திதான். எதுக்குப் பூசுதுங்கறதுல ஆராய்ச்சியாளர்களுக்குள்ள ரெண்டு கட்சி. ஒரு கட்சி, வறண்ட கோடையில உடம்புத் தண்ணி தோல் வழியா ஆவியாகாம இருக்கத்தான், அதுல கொழுப்பு இருக்குன்னு சொல்லும். இன்னொரு கட்சி, போற இடமெல்லாம் தன்னோட வாசனைய விட்டு 'இது என் ஏரியா'ன்னு மத்த பாம்புக்கு சேதி சொல்லத்தான்னு சொல்லும். ரெண்டும் உண்மையா இருக்க என்ன தடை, நாமளும் எண்ணெய் தேய்க்கறது சூட்டுக்கும்தான் வாசனைக்கும்தான்.

குடித்தனக் கதை சுருக்கமா: ஏப்ரல் மே வாக்குல ஜோடி சேரும், கோடைத் தொடக்கத்துல முயல் வளையிலயோ கல்லு இடுக்குலயோ மக்கின இலைக் குவியல்லயோ பெண் பாம்பு முட்டை வச்சிட்டுப் போயிடும், பெரும்பாலும் ஒரு டஜனுக்குள்ள. கோடை முடியற நேரம் கால் மீட்டர் நீளத்துக்கு குட்டிங்க வெளிய வரும். வந்த நாள்லேருந்து சொந்தக் கால்தான், கால் இல்லன்னாலும்.

ஆலிவ் மரத்துக்கும் பாம்புக்கும் உள்ள நெருக்கத்தால வந்த ஒரு விபரீதத்தயும் சொல்லிடணும். நூறு வருஷத்துக்கும் மேல ஆன ஆலிவ் மரத்துல அடிமரம் முழுக்க பொந்தும் வளைவுமா இருக்கும், பாம்பு தூங்க அத விட நல்ல இடம் இல்ல. பணக்காரங்க வில்லா தோட்டத்துல அழகுக்கு வைக்க அந்த மரங்கள வேரோட பிடுங்கி ஸ்பெயினோட பெருநிலத்துலேருந்து அதே நாட்டுக்குச் சொந்தமான இபிசா தீவுக்கு லாரியிலயும் கப்பல்லயும் கொண்டு போனாங்க. இபிசாவுல அதுக்கு முன்னாடி பாம்பே கிடையாது. 2003 வாக்குலேருந்து பாம்பு தட்டுப்பட ஆரம்பிச்சது, மோன்பெலியே பாம்பு, ஏணிப்பாம்பு, லாடப்பாம்புன்னு மூணும் மரத்தோட வந்து இறங்கியிருக்கு. அதுல லாடப்பாம்பு இபிசாவுல ஊன்றிப் பெருகிடுச்சு. பாம்பையே பாக்காம வளந்த அந்தத் தீவோட பல்லிங்க, நீலமும் பச்சையுமா தீவுக்கே அடையாளமா இருக்கறதுங்க, பாம்பு பரவின இடத்துலெல்லாம் காணாமப் போயிட்டு இருக்கு. எலிய உள்ள வச்ச கூண்டு வச்சுப் பிடிச்சிக்கிட்டு இருக்காங்க. சொந்த ஊர்ல சாதாரணமா இருக்கற ஜீவன், ஒரு மரத்த இடம் மாத்தினதுல இன்னொரு ஊருக்கு வினையா போயிடுச்சு, பாம்பத் திட்டி என்ன பிரயோஜனம்.

சொந்த ஊர்ல மோன்பெலியே பாம்பு அழிவு அபாயத்துல இல்ல, பரவலாவே இருக்கு. ஆனா வெயில் காய ரோட்டுக்கு வரும், அதனால கார்ல அடிபட்டு சாகறது அதிகம்.

அதுக்கு மேல ஒரு நிரந்தர எதிரி வானத்துல இருக்கு. குட்டைவிரல் பாம்புக் கழுகு. நம்ம தமிழ்நாட்டு வறண்ட காடுகள்லயும் இந்தக் கழுகு உண்டு, வயல்வெளிக்கு மேல ஒரே இடத்துல றெக்கையடிச்சு நின்னு கீழ பாத்துக்கிட்டு இருக்கும், பாத்திருப்பீங்க. ஐரோப்பாவுல இருக்கறது குளிர்காலத்த ஆப்பிரிக்காவுல கழிச்சிட்டு, பாம்புங்க பொந்த விட்டு வர்ற அதே மார்ச் வாக்குல கணக்கா திரும்பி வந்துடும். ஸ்பெயின்லயும் தெற்கு பிரான்ஸ்லயும் அதோட முக்கியச் சாப்பாடு நம்ம புருவக்காரர்தான். பிடிச்ச பாம்ப தலைப் பக்கத்துலேருந்து முழுசா முழுங்கிட்டு, வால் நுனி மட்டும் அலகுல தொங்க கூட்டுக்குப் பறக்கும். கூட்டுல வருஷத்துக்கு ஒரே ஒரு குஞ்சுதான். அது அந்த வால் நுனியப் பிடிச்சு, கெணத்துலேருந்து கயிறு இழுக்கற மாதிரி, அம்மா தொண்டைக்குள்ளேருந்து ஒன்றரை மீட்டர் பாம்ப பின்னாடி நகந்து நகந்து இழுத்து வெளிய எடுக்கும், கடைசியா வெளிய வர்றது அந்த முறைக்கிற மூஞ்சி.